கடல்மீன் தொட்டித் தண்ணீர் தரையில் கொட்டினால்

எங்கள் வீட்டில் மீன் அவருடையது, தரை என்னுடையது. சென்னையில் இரண்டாவது மாடி ஃப்ளாட். ஹாலில் நாலடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி, அதற்குக் கீழே கேபினெட்டுக்குள் சம்ப், அதாவது மேல் தொட்டித் தண்ணீர் இறங்கி வந்து பம்பால் திரும்ப மேலே போகும் இன்னொரு தொட்டி. ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் மீன் கடைகளுக்குக் கிளம்பினால் என் கணவர் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்ப மாட்டார். திரும்பும்போது கையில் ஒரு பையாவது இருக்கும். மீனுக்குப் பேர் வைப்பது, உப்பு அளப்பது, லைட்டை ரசிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. தண்ணீர் மாற்றும்போது ட்யூப் நழுவினாலோ, அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் கப் பொங்கி வழிந்தாலோ, கரண்ட் போய் சம்ப் நிரம்பினாலோ துணியோடு வருவது நான். அதனால் இந்த விஷயத்தில் அவரைவிட எனக்குத்தான் அனுபவம் அதிகம்.

நல்ல தண்ணீர் கொட்டினால் துடைத்துவிட்டு ஃபேனைப் போட்டால் வேலை முடிந்தது. கடல்நீரில் அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது. ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. 15 லிட்டர் வாளி ஒன்று கவிழ்ந்தால் அரைக் கிலோவுக்கு மேல் உப்பு தரையில் பரவியிருக்கிறது என்று கணக்கு. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு எங்கும் போகாது. சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரையும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருப்பதால் அதற்கு வெகு முன்பே பிசுபிசுக்கத் தொடங்கிவிடும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? காலையில் பளிச்சென்று துடைத்த இடம் ராத்திரி காலில் ஒட்டும். மறுபடி கசிகிறதோ என்று தொட்டியைச் சந்தேகப்படுவோம். பல நேரம் அது பழைய உப்பு குடிக்கும் புதுத் தண்ணீர்தான்.

ஆக, தண்ணீரை எடுப்பது பாதி வேலை. உப்பை எடுப்பது மீதி. ஆனால் இரண்டுக்கும் முன்னால் கரண்ட்.

துணி எடுப்பதற்கு முன்

தரையில் தண்ணீரைப் பார்த்ததும் கால் தானாக அங்கே போகும். போகக் கூடாது. கடல்நீர் குழாய்த் தண்ணீரைவிடப் பல மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும். தொட்டிக்கு அடியில் எப்படியும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடக்கும். அதில் பம்ப், ஹீட்டர், லைட் எல்லாம் செருகியிருக்கும். ஈரத்தில் நின்றுகொண்டு பக்கத்துச் சுவிட்சைத் தட்டுவதும் ப்ளக்கைப் பிடுங்குவதும் ஆபத்து. காய்ந்த பக்கமாகவே சுற்றிப் போய், வாசல் அருகே இருக்கும் பெட்டியில் தொட்டி லைனின் எம்.சி.பி.யை இறக்குங்கள். எது தொட்டி லைன் என்று தெரியவில்லையா, மெயினையே இறக்கிவிடுங்கள். எங்கள் பெட்டியில் அந்தச் சுவிட்சுக்குப் பக்கத்தில் டேப் ஒட்டி, மார்க்கரில் ‘மீன்’ என்று எழுதி வைத்திருக்கிறோம்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மெயினை இறக்கினதும் ‘கரண்ட் போச்சு’ என்று நினைத்து இன்வெர்ட்டர் வேலையைத் தொடங்கிவிடும். மீனுக்காகவே தொட்டி லைனை இன்வெர்ட்டரில் கொடுத்திருக்கும் வீடுகள் நிறைய. அங்கே மெயின் இறங்கினாலும் தொட்டி லைனில் கரண்ட் இருக்கும். இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டுத்தான் தொட்டி பக்கம் போக வேண்டும். கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பெட்டியில் இல்லை என்றால், அடுத்த கடல்மீன் வாங்குவதற்கு முன் அதை வாங்கிப் போடுங்கள். அதிலும் இன்வெர்ட்டர் லைனுக்கு அந்தப் பாதுகாப்பு வருகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பம்ப் நின்றதும் இன்னொன்று நடக்கும். மேல் தொட்டியிலிருந்தும் குழாயிலிருந்தும் கொஞ்சம் தண்ணீர் சம்புக்கு இறங்கும். சம்ப் ஏற்கெனவே விளிம்பு வரை நிறைந்திருந்தால் அது வழியும். அணைத்ததால்தான் அதிகம் கொட்டுகிறது என்று பதறி மறுபடி போட்டுவிடாதீர்கள். ஒரு காலி வாளியும் மக்கும் தயாராக வைத்துக்கொண்டு, கரண்ட் நின்றதை உறுதி செய்தபின் சம்பிலிருந்து மொண்டு எடுங்கள். ட்யூப் வழியாகத் தானாக இழுத்துக்கொண்டிருந்தால் தொட்டிக்குள் இருக்கும் முனையைத் தண்ணீருக்கு வெளியே தூக்கினால் போதும், நின்றுவிடும்.

திரும்பக் கரண்டைப் போடும்போது, ஆவியாகிப் போன தண்ணீரைத் தானாக நிரப்பும் ஆட்டோ டாப் அப்பை மட்டும் அணைத்தே வையுங்கள். சம்ப் மட்டம் குறைந்ததும் அது பாட்டுக்கு ஆர்.ஓ. தண்ணீரை ஊற்ற ஆரம்பிக்கும். போனது உப்புத் தண்ணீர், வருவது நல்ல தண்ணீர். தரை துடைத்து முடிப்பதற்குள் தொட்டியின் உப்பு இறங்கியிருக்கும்.

தண்ணீரை எடுப்பது

முதலில் அணை கட்டுங்கள். பழைய துண்டுகளை முறுக்கி, பெட்ரூம் வாசல், சோபா கால், சுவரோரம், கேபினெட்டின் அடி, இந்த இடங்களில் போடுங்கள். மரம் எங்கே இருக்கிறதோ அங்கே முதல் துண்டு. நடுத் தரை காத்திருக்கும்.

துணிகளில் பழைய பருத்தி வேட்டிக்கு ஈடு எதுவும் இல்லை. எட்டு முழம் என்றால் மடித்து மடித்துப் போட ஒன்றே போதும். பாலியஸ்டர் சேலை உதவாது. தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிக்கொண்டு போகும். வைப்பர் வைத்து பாத்ரூம் வரைக்கும் தள்ளிவிடலாம் என்று வேலைக்கு வரும் அக்கா சொல்வார். நான் விடுவதில்லை. ஹாலில் மட்டும் இருந்த உப்பு அந்த வழி முழுக்க டைல்ஸ் இடுக்கில் போய் உட்காரும். வைப்பரால் ஒரு இடத்தில் கூட்டி, பிளாஸ்டிக் முறத்தில் வாரி வாளியில் ஊற்றுவதுதான் என் முறை. முறத்தின் வாய் தட்டையாக இருப்பதால் ஒரு தடவைக்கு கால் லிட்டராவது ஏறும். பெரிய குளமாக இருந்தால் துணியைவிட இது வேகம்.

ஈரம் உறிஞ்சும் வேக்யூம் கிளீனர் இருந்தால் நல்லது. அதையும் வேறு அறையின் ப்ளக் பாயின்டில் செருகி, வயரை ஈரத்தில் விடாமல் பயன்படுத்துங்கள். முடித்ததும் அரை வாளி நல்ல தண்ணீரை அதே வேக்யூமால் உறிஞ்சி வெளியே கொட்டுங்கள். அப்போதுதான் உள்ளே துரு பிடிக்காது. தூசிக்கு மட்டும் ஆன சாதாரண வேக்யூமை இதன் பக்கமே கொண்டு வராதீர்கள்.

வாரிய தண்ணீரைத் திரும்பத் தொட்டியில் ஊற்றக் கூடாது. தரையில் என்னென்ன இருந்ததோ, யார் கண்டது. செடிக்கும் ஊற்றக் கூடாது, துளசி இரண்டே நாளில் முகம் காட்டிவிடும். டாய்லெட்டில் ஊற்றி ஃப்ளஷ் செய்துவிடுங்கள்.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கடல் தொட்டித் தண்ணீரில் காயத்தைப் புண்ணாக்கும் கிருமிகள் இருக்கலாம். பவளம் போல் கல்லில் ஒட்டி வளரும் சோவாந்தஸ் என்ற உயிரினத்தை வளர்ப்பவர்கள் காயம் இல்லாவிட்டாலும் போட வேண்டும். அந்த வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடுமையான விஷம் உண்டு. கல்லோடு அது தரையில் விழுந்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவுகிற யோசனை வேண்டவே வேண்டாம். ஆவியாக மூக்கில் ஏறினால் ஆஸ்பத்திரிதான்.

உப்பை எடுப்பது

சரி, தரை இப்போது பார்வைக்குக் காய்ந்திருக்கிறது. இப்போதுதான் இரண்டு வாளி தேவை. ஒன்றில் நல்ல தண்ணீர், இன்னொன்று பிழிவதற்கு. துணியை நல்ல தண்ணீரில் தாராளமாக நனைத்து, கொட்டிய இடத்தைவிட ஒரு முழம் கூடுதலாகச் சுற்றிலும் துடையுங்கள். பிழிவது மற்ற வாளியில். ஒரே வாளியில் முக்கி முக்கித் துடைத்தால் எடுத்த உப்பையே திரும்பப் பூசுகிறோம். முதல் சுற்று முடிந்ததும் இரண்டு தண்ணீரையும் மாற்றுங்கள். மொத்தம் மூன்று சுற்று. சும்மா தண்ணீர் போதும், வேறு எதுவும் சேர்க்க வேண்டாம். உப்பைக் கரைக்கத் தண்ணீரைவிடச் சிறந்த மருந்து இல்லை.

முடிந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? ஃபேன் போட்டு நன்றாகக் காயவிட்டு, மொபைல் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாத இடத்தில், படுக்கைவச வெளிச்சத்தில் வெள்ளையாக ஒரு படலம் தெரியும். துணி போன பாதையே வளைவு வளைவாகப் பதிந்திருக்கும். அது இருந்தால் இன்னொரு சுற்று. டைல்ஸ் இடுக்குக்கும் ஸ்கர்ட்டிங் மூலைக்கும் பழைய டூத் பிரஷ்.

சுவரில் மட்டும் முறை மாறும். ஸ்கர்ட்டிங்குக்கு மேலே பெயின்ட் பொரிந்து உப்பு பூத்திருந்தால் ஈரத்துணி போடாதீர்கள். கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். நன்றாகக் காயவிட்டு, காய்ந்த பிரஷால் தட்டி, கீழே பேப்பர் பிடித்து வாங்கிக்கொள்ளுங்கள். சில நாள் கழித்துத் திரும்பப் பூக்கும், திரும்பத் தட்ட வேண்டும். பூப்பது நின்ற பிறகுதான் பெயின்டரைக் கூப்பிட வேண்டும். அதற்கு முன் அடிக்கிற பெயின்ட் எல்லாம் தண்டம்.

எந்தத் தரை என்பதையும் பார்க்க வேண்டும். விட்ரிஃபைடு டைல்ஸ் எதற்கும் அசையாது. மார்பிளில் உப்பு உள்ளே இறங்கி, காயும்போது மேற்பரப்பைப் பொரிக்கும். அங்கே தாமதமே கூடாது. மார்பிளில் எலுமிச்சையோ வினிகரோ படவே கூடாது, கல்லை அரித்து மங்கலாக்கிவிடும். வினிகர் தேய்க்கலாம் என்று கேட்டிருப்பீர்கள். அது தொட்டிக் கண்ணாடியின் வெளிப்பக்கம் சொட்டிச் சொட்டிப் படிந்த சுண்ணாம்புக் கறைக்குத்தான். மர லேமினேட் தரை என்றால் பலகை இடுக்கில் இறங்கியதை மேலிருந்து எடுக்க முடியாது. போட்டுக்கொடுத்த ஆளைக் கூப்பிட்டு அந்தப் பலகைகளைக் கழற்றச் சொல்வது நல்லது.

ஃபினாயில் சங்கதி. எங்கள் வீட்டு அக்காவுக்கு ஃபினாயில் வாசம் வந்தால்தான் தரை சுத்தம். தொட்டியைச் சுற்றி மட்டும் வேண்டாம் என்று சொல்லி, அந்த இடத்துக்கு என்று தனி வாளி, தனித் துணி கொடுத்திருக்கிறேன். வாளியின் மேல் மீன் படம் ஒட்டியிருக்கிறது, பேரன் வேலை. சோப்போ கிளீனரோ துளி தொட்டிக்குள் போனால் ஸ்கிம்மர் பைத்தியம் பிடித்தாற்போல் பொங்கும். பொங்கினால் கப் வழியும், வழிந்தால் இன்னொரு குளம். எங்கள் தொட்டியில் இருக்கும் இறாலுக்குக் கொசு மருந்து ஸ்ப்ரேயும் ஆகாது. ஈரமாக இருக்கிறதே, கொசு வருமே என்று அங்கே அடித்துவிடாதீர்கள்.

துடைத்த துணிகளை வாஷிங் மெஷினில் அப்படியே போடாமல், இரண்டு தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். தொட்டிக்குள்ளேயும் பயன்படுத்தும் துணி என்றால் மெஷினே வேண்டாம். சோப் இல்லாமல் அலசிக் காயப் போட்டால் போதும்.

கண்ணுக்குத் தெரியாத இடங்கள்

தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் ஷீட் போட்டிருப்பார்கள். தண்ணீர் அதற்கும் பலகைக்கும் நடுவே புகுந்து உட்கார்ந்துகொள்ளும். தொட்டியைத் தூக்க முடியாது. டிஷ்யூ பேப்பரை நான்காக மடித்து அதன் ஓரத்தை அந்த இடுக்கில் கத்தி முனையால் மெல்லச் செருகிவிட்டுக் காத்திருங்கள். நனைந்து கனத்ததும் உருவி, வேறொன்று செருகுங்கள். வறண்டு வர ஆரம்பித்ததும், ஊசி இல்லாத சிரிஞ்சில் நல்ல தண்ணீர் எடுத்து அதே இடுக்கில் கொஞ்சம் விட்டு, மறுபடி டிஷ்யூ. பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் இதை விட்டால், சில மாதங்களில் பலகை ஓரம் தடித்துப் புடைத்து நிற்பதைப் பார்ப்பீர்கள்.

கேபினெட் மலிவான பார்ட்டிகிள் போர்டு என்றால் வெட்டின ஓரம் வழியாகத்தான் தண்ணீர் குடிக்கும். அந்த ஓரங்களை முதலில் ஒற்றியெடுங்கள், தேய்க்க வேண்டாம். புதிதாகச் செய்பவர்கள் ஆசாரியிடம் ‘710 ப்ளைவுட்’ என்று கேட்டு வாங்குங்கள். ஐ.எஸ். 710 என்பது மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரம். கீல், ஸ்குரூ, ஆங்கிள் ஸ்டாண்டின் கால் எல்லாவற்றையும் நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்துக் காயவைத்து, மெல்லிசாக வாசலின் தடவுங்கள். எவர்சில்வர்தானே, துரு பிடிக்காது என்று விட்டுவிடாதீர்கள். சமையலறையில் பல வருஷம் நிற்கும் எவர்சில்வர்கூட உப்புக்கு முன்னால் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

கடல்நீர் உள்ளே போன எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அடாப்டரும் காய்ந்த பிறகு வேலை செய்யும். செய்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். உள்ளே படிந்த உப்பு ஈரம் இழுத்து, இரண்டு பின்னுக்கு நடுவே மெல்லக் கரண்ட் ஓடி, கருகி, ஒரு நாள் பற்றிக்கொள்ளும். ப்ளக் பின்களில் பச்சையாகப் படிந்திருந்தாலும் அதே தீர்ப்பு. புது பாக்ஸைச் சுவரில் உயரமாக மாட்டுங்கள். ஒவ்வொரு வயரும் ப்ளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் தொங்கிவிட்டு மேலே ஏறி வரட்டும். வயர் வழியாக வழிகிற சொட்டு அந்தத் தொங்கலின் அடியிலேயே கீழே விழுந்துவிடும், ப்ளக் வரை போகாது.

எங்கிருந்து வந்தது?

காரணம் தெரிந்தால் சரி. தெரியாத தண்ணீர்தான் தூக்கத்தைக் கெடுக்கும். முதலில் அது தொட்டித் தண்ணீர்தானா என்று பாருங்கள். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். தொட்டி வைத்திருக்கும் வீட்டில் உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இருக்குமே, தரையிலிருந்து ஒரு துளி எடுத்து அதில் வைத்துப் பாருங்கள். 1.025 பக்கம் காட்டினால் தொட்டி. ஏறக்குறைய 1.000 என்றால் ஏ.சி. சொட்டியிருக்கும், தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வேர்த்திருக்கும், அல்லது டாப் அப் டப்பா ஒழுகியிருக்கும். நடுவில் ஏதாவது காட்டினால் நல்ல தண்ணீர் பழைய உப்பைக் கரைத்திருக்கிறது.

தொட்டிதான் என்றால் எல்லாவற்றையும் காயவைத்து, நாலு பக்கமும் குழாய் இணைப்புகளுக்கு அடியிலும் செய்தித்தாளை விரித்துவிட்டுப் போய்ப் படுங்கள். காலையில் எந்தத் தாள் நனைந்திருக்கிறதோ, அதற்கு நேர் மேலே ஆள் இருக்கிறான். பழைய கசிவு என்றால் தாளே தேவையில்லை. வெள்ளைக் கோடாக உப்பு வழிந்து உறைந்து தானே வழி காட்டும்.

கீழ் வீட்டுக்கு நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். “மாமி, எங்க தொட்டித் தண்ணி கொட்டிடுச்சு, உங்க சீலிங்கை ஒரு பார்வை பாத்துக்கறீங்களா?” என்று முன்கூட்டிக் கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். ஒழுகினால் அது வெறும் கறை விஷயம் இல்லை. உப்பு கான்கிரீட்டுக்குள் போய்க் கம்பியைத் தொட்டால் துருப்பிடித்துக் கம்பி வீங்கும், பூச்சு பெயர்ந்து விழும்.

தொட்டிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது

ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், அதற்கு நல்ல தண்ணீர் ஊற்றுகிறோம். கொட்டிப் போனது உப்போடு சேர்ந்த தண்ணீர், அதற்கு உப்புத் தண்ணீரே வேண்டும். எவ்வளவு போனது என்று வாளிக் கணக்கில் தெரியாவிட்டால் சம்பில் பாருங்கள். சம்ப் இருக்கும் தொட்டியில் மேலே மட்டம் மாறாது, குறைச்சல் எல்லாம் கீழேதான் தெரியும். 75 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம் உள்ள சம்ப் அறையில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 2.6 லிட்டர். சம்ப் இல்லாத நாலடித் தொட்டியில், 120-க்கு 45 என்று வைத்தால், ஒரு சென்டிமீட்டருக்கு 5.4 லிட்டர். அந்த அளவு ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கலந்து, ரிஃப்ராக்டோமீட்டரில் தொட்டியோடு ஒத்துப் பார்த்து, சூடும் ஒத்ததும் மெதுவாக ஊற்றுங்கள். விளிம்பில் உறைந்திருக்கும் உப்புக் கட்டியைச் சுரண்டித் தொட்டிக்குள் தள்ளுவது குறுக்கு வழி. பவளத்தின் மேல் விழுந்தால் அந்த இடம் வெந்துபோகும். ஈரத் துணியால் வெளிப்பக்கமாக எடுத்துவிடுங்கள். மட்டமும் உப்பும் சரியான பிறகு ஆட்டோ டாப் அப்பைப் போடலாம்.

கரண்ட் போனதால்தான் வழிந்தது என்றால், இன்னும் ஒரு வேலை பாக்கி. சம்பிலிருந்து மேல் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ரிட்டர்ன் குழாயில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பம்ப் நின்று மட்டம் இறங்கியதும் அதன் வழியே காற்று புகுந்து, தண்ணீர் திரும்ப இழுக்கப்படுவதை நிறுத்தும். பாசி அடைத்தால் தொட்டியில் அந்தக் குழாயின் வாய் எட்டும் வரை உள்ள தண்ணீர் எல்லாம் கீழே வந்துவிடும். மாசா மாசம் பல் குத்தும் குச்சியால் குத்திவிட்டு, வேண்டுமென்றே பம்பை அணைத்து, சம்பில் தண்ணீர் எதுவரை ஏறி நிற்கிறது என்று பாருங்கள். விளிம்புக்குக் கீழே நான்கு விரல் இடம் மிஞ்சினால் பம்பைப் போட்டு, ஓடும்போது இருக்கும் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். அதற்கு மேல் யாரும் ஊற்றக் கூடாது. எங்கள் சம்பில் அந்தக் கோடு சிவப்பு மார்க்கரில் இருக்கிறது, இழுத்தது நான். அவர் அவ்வப்போது “இன்னும் ஒரு மக் புடிக்கும்மா” என்பார். பிடிக்கும்தான், பம்ப் ஓடும்வரை.